பங்குனி ஆமைக்குக் கரை காப்பது எப்படி? கொள்ளிடம் முதல் கோடியக்கரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆமை முட்டையை வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் கட்டுவது சுலபம். எட்டுக் கம்பம், ஒரு சுருள் கம்பி வலை, ஒரு பெயர்ப்பலகை போதும். ஆனால் அதற்கு இருநூறு மீட்டர் தள்ளி ஒரு ஹைமாஸ்ட் விளக்கு விடிய விடிய எரிந்தால், கரையில் பொரிக்கிற குஞ்சு கடலை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துப் போகும். கரை கெட்டுக் கிடக்கும்போது பொரிப்பகம் மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. அதனால் வேலையை மார்கழியிலேயே ஊருக்குள் தொடங்க வேண்டும். முட்டையைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேதாரண்யம் என்று நம் கரை நெடுக முட்டையிட வருவது பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி, நம் பக்கத்துப் பேச்சில் பங்குனி ஆமை. ஓட்டின் நீளம் 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 50 கிலோ. மார்கழிக் கடைசியில் ஒன்றிரண்டு ஏறத் தொடங்கும். மாசி, பங்குனியில் கூடும், சித்திரையில் அடங்கும். ஒரு ஆமை ஒரு தடவைக்கு நூற்றுச் சொச்சம் முட்டையிடும். ஒரே பருவத்தில் இரண்டு தடவை ஏறுவதும் உண்டு.

முதலில் காகிதம்

இந்த ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டும் இல்லை. முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் வேட்டையில்தான் சேரும். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. “காப்பாற்றத்தானே எடுத்தோம்” என்பது பதிலாகாது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு முட்டையையும் நகர்த்தக்கூடாது. ஐப்பசியிலேயே மாவட்ட வன அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால்தான் தைக்குள் கையில் கிடைக்கும். புதிய குழு தனியாகப் பொரிப்பகம் போடுவதைவிட, கூழையார், கோடியக்கரை போன்ற இடங்களில் வனத்துறை நடத்தும் பொரிப்பகத்தோடு ஒரு பருவம் வேலை பார்ப்பது நல்லது. கை பழகும், அனுமதிச் சிக்கலும் இருக்காது.

எல்லையில் ஒரு விஷயம் அடிக்கடி மறந்துபோகும். நடுவில் இருக்கும் காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. தமிழ்நாட்டு அனுமதியோடு தரங்கம்பாடியிலிருந்து தெற்கே நடந்து எல்லை தாண்டிவிட்டால் அந்தத் தாள் செல்லாது. அந்தப் பக்கத்துக் கூட்டைப் பற்றி அந்தப் பக்கத்து வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

அடுத்தது ஊர்ப் பஞ்சாயத்தார். மீனவ ஊர்களில் கரை அவர்களுடையது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ டார்ச் அடித்துக்கொண்டு படகுகளுக்கு நடுவே திரிந்தால் திருடன் என்றுதான் நினைப்பார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து, எந்த மாதம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லி, ஊர்ப் பையன்களில் இரண்டு பேரையாவது குழுவில் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். எந்த இடத்தில் ஆமை ஏறும், எங்கே ஏறாது என்பது கரைவலை இழுக்கும் பெரியவர்களுக்கு மனப்பாடம்.

மார்கழி வேலை: விளக்கும் நாயும்

மணலுக்கு மேலே வந்த குஞ்சு தலையைத் திருப்பிப் பார்க்கும். எந்தப் பக்கம் தாழ்வாக வெளிச்சம் தெரிகிறதோ அந்தப் பக்கம் நடக்கும். மனிதர் இல்லாத கரையில் அது கடல். ஊர் இருக்கும் கரையில் அது தெருவிளக்கு. தப்பாக நடக்கும் குஞ்சு விடிவதற்குள் உடம்பில் மிச்சம் இருக்கும் மஞ்சள் கருவின் சத்தைச் செலவழித்துவிடும். மீதியைக் காக்கையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

சோதனை எளிது. அமாவாசைக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி ஈர மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து ஊரைப் பாருங்கள். பல்பு கண்ணில் நேராகத் தெரியும் ஒவ்வொரு விளக்கும் பிரச்சினை. வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு மூன்று விதம். முதலாவது, விளக்குக்குக் கடல் பக்கமாகத் தகரத் தொப்பி போட்டு வெளிச்சத்தை நிலத்தை நோக்கித் திருப்புவது. இரண்டாவது, வெள்ளை எல்இடியை எடுத்துவிட்டு அம்பர் நிற விளக்கு போடுவது. வெள்ளையிலும் நீலத்திலும் குஞ்சு மயங்குவது போல மஞ்சள் சிவப்பு வெளிச்சத்தில் மயங்காது. மூன்றாவது, அணைப்பது. “இரவு முழுக்க அணையுங்கள்” என்று மீனவ ஊரில் கேட்காதீர்கள், நடக்காது. மூன்று மணிக்குப் படகு இறக்குகிறவருக்கு வெளிச்சம் வேண்டும். இரவு 11 முதல் 3 வரை அணைத்து, இறங்குதளத்துக்கு மட்டும் தொப்பி போட்ட விளக்கு என்று பேசினால் ஒத்துக்கொள்வார்கள். விடுதிகளில் கடல் பார்த்த அறைகளுக்குத் திரைச்சீலை, தோட்டத்துக்கு முழங்கால் உயர விளக்கு போதும். வைகாசிக் கடைசி வரை இந்த ஏற்பாடு இருக்க வேண்டும். கடைசிக் கூடு அப்போதுதான் பொரிக்கும்.

நாய் இதைவிடச் சிக்கல். ஒரு நாய் ஒரு ராத்திரியில் ஒரு கூட்டைக் காலி செய்துவிடும். ருசி கண்டுவிட்டால் மறுநாள் கூட்டாளிகளோடு வரும். பிடித்து வேறு ஊரில் விடுவது 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கூடாது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதற்கு உள்ளாட்சியைக் கேளுங்கள். ஆனால் அது பலன் தர ஆண்டுக்கணக்காகும். உடனே செய்யக்கூடியது, மீன் அறுத்த குடலையும் கழிவு மீனையும் கரையில் கொட்டாமல் தடுப்பது. கழிவு இருக்கும் வரை நாயும் இருக்கும். தெற்கே கோடியக்கரைப் பக்கம் நாயோடு நரியும் காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, கரையின் மேல் விளிம்பைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். அது நீர் விளிம்பு வரை இறங்கிவிட்ட இடத்தில் வேர் பின்னி, ஆமை தோண்டத் தோண்ட வேரே வரும். தோண்டிப் பார்த்து முடியாமல் திரும்பிவிடும். புதிதாக நடும் திட்டம் வந்தால் கடல் பக்கத்து மணலை விட்டுவிட்டு நடச் சொல்லுங்கள். அங்கே அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் தானாகவே மணலைப் பிடிக்கும். கருங்கல் சுவர் போட்ட பகுதியில் ஆமைக்கு ஏறவே வழியில்லை. அதை ரோந்துப் பாதையிலிருந்து விட்டுவிடலாம்.

இரவு நடை

ஒரு குழுவுக்கு 3 அல்லது 4 பேர், 5 முதல் 7 கி.மீ. இரவு 11 மணிக்குக் கிளம்பி 4 மணிக்குள் திரும்பும்படி. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச், 5 மீட்டர் அளவு டேப், துணிப்பை இரண்டு, நோட்டு, பென்சில் (பேனா மை ஈரத்தில் ஊறும்), முதலுதவிப் பை. கொசு விரட்டி எண்ணெயைக் கையில் தடவிக்கொள்ள வேண்டாம், அதே கையால்தான் முட்டையைத் தொடப் போகிறீர்கள்.

ஈர மணல் ஓரமாக நடங்கள். தடம் தண்ணீரிலிருந்து மேலே ஏறும் டிராக்டர் சக்கரத் தடம் போல, முக்கால் மீட்டர் அகலத்தில் தெரியும். பங்குனி ஆமை இடம் வலமாக மாறி மாறித் துடுப்பு வைக்கும், அதனால் இரு பக்கத்துக் குறிகளும் எதிரெதிரே இருக்காது. ஒன்றுக்கொன்று எதிரே ஜோடியாக இருந்தால் அது பேராமை (பச்சை ஆமை), அதைத் தனியாகக் குறியுங்கள். ஏறு தடமும் இறங்கு தடமும் இருந்து நடுவில் மணல் கலைந்த இடம் இல்லையென்றால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிட்டது.

ஆமையே மேலே இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். முன்னால் போகக்கூடாது, டார்ச் கூடாது, பேச்சு கூடாது. தோண்டும்போது பயந்தால் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு அதற்குச் சுற்றுப்புறம் அவ்வளவாக உறைக்காது. முடிந்ததும் பின் துடுப்பால் மண் தள்ளி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி ‘தொப், தொப்’ என்று மணலை இறுக்கும். ஏறியதிலிருந்து இறங்குவது வரை ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். படம் எடுப்பவரை அது கடல் சேர்ந்த பிறகு கூட்டி வாருங்கள்.

ஆமை போய்விட்டது, தடம் மட்டும் இருக்கிறது என்றால் குழியைத் தேட வேண்டும். மணல் கலைந்த வட்டத்துக்குள் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தோண்டி மூடிய இடம் மெதுவாக உள்வாங்கும். கம்பு குத்திப் பார்ப்பது பழைய முறை. பழகாத கையில் அது இரண்டு முட்டையை உடைக்கும், உடைந்த முட்டைக்கு எறும்பு வரும், எறும்பு கூடு முழுவதற்கும் பரவும். கம்பை அனுபவசாலியிடம் கொடுத்துவிடுங்கள்.

எடுப்பதா, விடுவதா

குழுக்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். கண்ட கூட்டையெல்லாம் எடுத்து வந்து எண்ணிக்கை காட்டுவது சேவை அல்ல. தாய் தேர்ந்த இடம் பெரும்பாலும் நல்ல இடமே. எடுத்து வைத்த கூட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் சேதம் இருக்கும்.

கூடு ஓத மட்டத்துக்கு (கடல் பெருகி ஏறும் எல்லைக்கு) கீழே இருந்தால், ஆற்று முகத்து மணல் திட்டில் இருந்தால், படகு ஏற்றி இறக்கும் வழியில் இருந்தால், காவல் வைக்கவே முடியாத நாய்க்காட்டில் இருந்தால் மட்டும் எடுங்கள். ஆற்று முகம் நம் கரையில் தனிக் கதை. கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வெள்ளையாறு எதுவும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் ஒரே இடத்தில் கடலைத் தொடுவதில்லை. மாசியில் மேடாக இருந்த திட்டு பங்குனிப் பௌர்ணமி ஓதத்தில் கரைந்துபோகும்.

விடுவதென்றால், கூட்டின் மேல் 1 மீட்டருக்கு 1 மீட்டர் தட்டி வையுங்கள். தட்டியின் கண் (துளை) 5 செ.மீ.க்கு 10 செ.மீ. இருந்தால் குஞ்சு தடையில்லாமல் வெளியேறும், நாயின் கால் உள்ளே போகாது. தட்டியின் நடு கூட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். 10 செ.மீ. மணலுக்குள் புதைத்து நாலு மூலையிலும் முளை அடியுங்கள். இரும்பு வலையைவிட மூங்கில் தட்டி மேல். உப்புக் காற்றில் துருப்பிடித்துக் குஞ்சைக் கிழிக்காது, ஊரிலேயே முடைந்து வாங்கலாம். தட்டி மேல் அடையாளத்துக்குத் துணிக்கொடி நட வேண்டாம். கொடியைப் பார்த்துத்தான் முட்டைத் திருடனும் வருவான். இரண்டு பக்கமும் தூரத்தில் உள்ள நிலையான பொருள்களிலிருந்து அளந்து நோட்டில் எழுதினால் போதும்.

எடுத்தால் எப்படி எடுப்பது

காலம்தான் முக்கியம். இட்ட 6 மணி நேரத்துக்குள் புதிய குழியில் இருக்க வேண்டும், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டையைப் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு சாகும். மேலிருந்து பார்த்தால் முட்டை அப்படியேதான் இருக்கும், நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் தெரியும். நேரம் தப்பிய கூட்டைக் காலையில் கண்டால் எடுக்காதீர்கள். அங்கேயே தட்டி போட்டுக் காவல் வையுங்கள்.

கையால் மட்டும் தோண்டுங்கள். முதல் முட்டை தெரிந்ததும் நிறுத்தி, தரையிலிருந்து அதன் தலை வரை ஆழத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக, எப்படிக் கிடந்ததோ அப்படியே, திருப்பாமல் எடுத்து, அடியில் கூட்டின் ஈர மணல் போட்ட துணிப்பையில் அடுக்குங்கள். எண்ணிக்கொண்டே போங்கள். காலியான குழியின் மொத்த ஆழம், அடியில் அகலம் இரண்டையும் அளவுங்கள். பங்குனி ஆமையின் குழி சுமார் 45 செ.மீ. ஆழம், கழுத்துக் குறுகி வயிறு அகன்ற மண்பானை வடிவம். பையைக் கையில் தூக்கி நடந்தே கொண்டு வாருங்கள். பைக்கின் டேங்க் மேல் வைத்து மேடு பள்ளத்தில் ஓட்டுவது முட்டையைக் குலுக்கிக் கொல்வதற்குச் சமம்.

பொரிப்பகம்

ஒரு கூட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கு. 100 கூடுகளுக்கு ஓர விளிம்போடு 12க்கு 12 மீட்டர். இதைவிட நெருக்கினால் பக்கத்துப் பக்கத்துக் கூடுகள் ஒன்றையொன்று சூடாக்கும், நோயும் தாவும். பெரிய ஓதமும் எட்டாத மேட்டில், மரநிழல் இல்லாத, விளக்குத் தெரியாத இடம் வேண்டும். போன ஆண்டு இடத்தில் இந்த ஆண்டு போடக்கூடாது. பழைய மணலில் அழுகிய முட்டையின் பூஞ்சை இருக்கும். முக்கால் மீட்டர் ஆழத்துக்கு மணலைக் கிளறி வேர், ஓடு, நண்டு எல்லாம் எடுத்துவிட்டு மூடி, ஒரு வாரம் அமர விடுங்கள்.

வேலி ஆள் உயரம், மணலுக்குள் அரை மீட்டர். நாய் மேலே தாண்டுவதைவிடக் கீழே தோண்டி வருவதே அதிகம். வேலியின் அடிப்பாகத்தில் நண்டு நுழையாத சிறு கண் வலையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

புதிய குழியைப் பழைய குழியின் அளவிலேயே தோண்டுங்கள். முட்டைகளைக் கையால் இறக்குங்கள், மேலிருந்து விடாதீர்கள். மேலே முதலில் ஈர மணல், பிறகு காய்ந்த மணல். காய்ந்த மணல் முதலில் போனால் முட்டைகளின் இடைவெளியில் சரிந்து காற்றை அடைக்கும். காலால் மிதிக்காமல் உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். பலகையில் எண், தேதி, நேரம், எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை எழுதுங்கள்.

சூடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது, அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில். சுமார் 29, 30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண், கீழே இறங்க ஆண். 34, 35ஐத் தாண்டி நிலைத்தால் எதுவும் பிழைக்காது. தைக் கூட்டுக்கு நம் கரையில் கவலையில்லை. பங்குனிக் கடைசியில் இட்ட கூடு சித்திரை வெயிலில் அடைகாக்கிறது, ஆபத்து அங்கேதான். முட்டை ஆழத்தில் ஒரு வெப்பமானி புதைத்துத் தினமும் படியுங்கள். 33ஐத் தொட்டால் பாதி வெளிச்சம் மறைக்கும் பச்சை நிழல்வலையை இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். முதல் நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் நிழல் போட்டுவிட்டால் ஒரு பருவம் முழுக்க ஆண் குஞ்சாக அனுப்பும் வேலையாகிவிடும். தண்ணீர் தெளிப்பது கடைசி வழி. தெளித்தால் நல்ல தண்ணீர், மாலையில், கொஞ்சம்.

நாற்பத்தைந்தாம் நாள்

பிப்ரவரி 10 இட்ட கூட்டுக்கு மார்ச் 27. அதற்கு மூன்று நாள் முன்பே கூட்டைச் சுற்றி அடியில்லாத கூடையைப் பதியுங்கள். 60 செ.மீ. விட்டம், 40 செ.மீ. உயரம், 10 செ.மீ. மணலுக்குள். குளிர்ந்த தைக் கூடு 55 நாளுக்கு மேலும் எடுக்கும், பொறுங்கள். தோண்டிப் பார்க்கும் ஆசையைத்தான் அடக்க வேண்டும்.

பொரிப்பதற்கு முந்தின நாள் மணலில் ஒரு சின்னக் குழிவு விழும், தட்டில் மாவை விரலால் அழுத்தியது போல. கீழே குஞ்சுகள் ஓட்டை உடைத்து மேலே நகர நகர மணல் இறங்குவதன் அடையாளம் அது. அன்றிலிருந்து இரவில் அரை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பெரும்பாலும் மணல் குளிர்ந்த பிறகு கூட்டமாகக் கொப்பளித்து வரும். பகலில் வந்துவிட்டால் கூடையில் வெயிலில் பத்து நிமிஷம் அதிகம். அதனால் பகல் காவலும் ஈரச் சாக்கும் வேண்டும்.

வந்த குஞ்சை உடனே விடுங்கள். வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது, காலையில் விருந்தினர் வரும்வரை வைத்திருப்பது இரண்டும் தவறு. தண்ணீரில் போட்டதும் நீந்தத் தொடங்கி, ஆழ்கடல் போவதற்கு இருக்கும் தெம்பை வாளிக்குள்ளேயே தீர்த்துவிடும். நீர் விளிம்புக்கு 10 மீட்டர் மேலே மணலில் விடுங்கள், தானே நடக்கட்டும். முன்னால் யாரும் நிற்கக்கூடாது. ஒவ்வொரு இரவும் வேறு இடத்தில் விடுங்கள், ஒரே இடத்தில் விட்டால் மீன் காத்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் விடியலுக்கு முன் பொரித்த கூட்டையே 5 மணி வாக்கில் காட்டுங்கள். கயிறு கட்டி, அதற்குப் பின்னால் நிற்க வைத்து, பிளாஷ் இல்லாமல்.

முதல் குஞ்சு வந்து மூன்று நாள் கழித்துக் கூட்டைத் திறந்து எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருக்கும் வெற்றோடு ஒன்று என்று கணக்கு. 112 முட்டையில் 91 வெற்றோடு என்றால் பொரிப்பு 81 சதவீதம். மீதியைப் பிரித்துப் பாருங்கள். கருவே தெரியாதவை அதிகமென்றால் எடுத்து வந்ததில் தாமதம் அல்லது குலுக்கல். முழு வளர்ச்சியில் இறந்தவை அதிகமென்றால் சூடு. அழுகலும் புழுவும் என்றால் மணல். இந்தக் கணக்கு இல்லாத பொரிப்பகத்துக்கு அடுத்த ஆண்டு எதைத் திருத்துவது என்றே தெரியாது.

கடலில்

கரையில் ஆயிரம் குஞ்சு விட்டாலும், முட்டையிட வரும் தாய் வலையில் செத்தால் கணக்கு நேராகாது. ஒரு குஞ்சு தாயாக வளர பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஆமைகள் கூடுவதும் அதே தூரத்துக்குள்தான். விதியைக் காப்பாற்றினாலே பாதி வேலை முடியும். நாட்டுப் படகுக்காரருக்கும் அதில் ஆதாயம் உண்டு, மீன் அவர்களுக்கு மிஞ்சும். அதனால் இதை ஆமைக் கூட்டத்தில் பேசுவதைவிடப் பஞ்சாயத்தில் மீன் விஷயமாகப் பேசுங்கள்.

வலையில் வந்த ஆமை அசையாமல் இருந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மூச்சு முட்டி மயங்கியிருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தைக் குறைந்தது 15 செ.மீ. உயர்த்துங்கள், சுருட்டிய வலையே போதும். நுரையீரல் நீர் வடியட்டும். நிழலில் வைத்து ஓட்டின் மேல் ஈரத்துணி போடுங்கள், மூக்கை மூடாமல். அவ்வப்போது ஒரு பக்க விளிம்பை மூன்று அங்குல உயரம் தூக்கி, பிறகு மறு பக்கம். மல்லாத்துவது, வயிற்றை அழுத்துவது, மேலே ஏறி மிதிப்பது எதுவும் கூடாது. நாலு மணி நேரமாவது பாருங்கள், சில ஆமைக்கு ஒரு நாள்கூட ஆகும். தெளிந்ததும் இன்ஜினை நியூட்ரலில் வைத்து, வலை இல்லாத பக்கம் மெதுவாக இறக்கிவிடுங்கள்.

செத்து ஒதுங்கியதைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்த பிறகு, ஓட்டின் மேல் நாடா வைத்து நீளம் அளந்து, தேதி, இடம், காயம் எழுதி, ஓதம் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். அன்றே புதைக்க முடியாவிட்டால் ஓட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ராத்திரி ஓதம் அதைத் தூக்கிப் போய்ப் பக்கத்து ஊரில் போட்டாலும், அந்த ஊர்க் குழு இரண்டாவதாக எண்ணாது.